பாலத்துக்கு முந்தைய ஹோல்ட்

அக்காவுக்கு பஸ் என்றால் பயம். போன மழைக்காலத்தில் வேலை முடிந்து அவள் வந்த பஸ், தென்னக்கும்புர பாலத்துக்கு முந்தைய வளைவில் சறுக்கி மதிலில் மோதியது. அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதனாலேயே வீட்டில் யாருக்கும் விஷயம் விளங்கவில்லை. எங்கள் குண்டசாலையில் எல்லோரும் கண்டி டவுனுக்கு பஸ்ஸில் போய் வருகிறார்கள். இவள் மட்டும் ஹோர்ன் சத்தம் கேட்டாலே ரோட்டோரம் ஒதுங்கி நின்றுவிடுவாள். எடுத்த லீவு திங்கட்கிழமையோடு முடிகிறது. போகாவிட்டால் வேலை போய்விடும்.

இப்படிப்பட்ட பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியே போக்குகிற ஒரு மிஸ் கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நான்தான் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். அங்கே அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். கெலிஓயாக்காரர், தமிழ் பேசுபவர். அக்கா ஒபிசில் நாள் முழுக்கச் சிங்களம்தான் பேசுவாள். பயத்தைச் சொல்ல மட்டும் அவளுக்குத் தமிழ் வேண்டியிருந்தது.

அந்த மிஸ் சொல்லித்தந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முதலில் நிற்கிற பஸ்ஸில் சும்மா ஏறி உட்கார வேண்டும். அப்புறம் ஒரு ஹோல்ட், அதாவது அடுத்த பஸ் தரிப்பு வரை போக வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக் கூடாது. தானாக வடியும்வரை இருக்க வேண்டும். பயம் பத்துக்கு எத்தனை என்று இடையிடையே கேட்பார். அம்மா மந்திரித்து அக்காவின் பேக்கில் போட்டிருந்த தேசிக்காயைப் பார்த்துச் சிரித்தார்.

"இத ஊட்டுல வெச்சிட்டு வாங்க. இல்லாட்டி நீங்க தைரியமா வந்த பேரெல்லாம் இதுக்குத்தான் போகும்."

அடுத்த தடவை த்ரீவீலில் போய் இறங்கினால், அறை பூட்டியிருந்தது. மிஸ் வெளிநாடு போய்விட்டாராம். பதிலுக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். அவசரமென்றால் கொழும்புக்குப் போகச் சொன்னார் வாசலில் நின்றவர். அக்கா கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"பஸ்ஸுல ஏறப் பயம்னு வந்தா, கொழும்புக்குப் போகச் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கள் இதோ வந்துவிடும். மிஸ் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம், திரும்பிப் போகையில் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றேன்.

"நீ என்ன டொக்டரா?"

"இல்ல. ஆனா நான் இங்கதானே இருக்கேன்."

அக்கா பேக்கை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

பஸ் கிளம்பியதிலிருந்து நான் கேட்டபடி இருந்தேன். எத்தனை? இப்போ எத்தனை? ஐந்து என்றாள், ஏழு என்றாள். கண்டி வாவியைத் தாண்டியதும் முன்சீட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேக்கக் கேக்கத்தான் ஏறுது. வாய மூடிட்டு இருடி."

அந்த வளைவுக்கு முந்தைய ஹோல்ட்டில் மணியை அடித்து இறங்கிவிட்டாள். பின்னாலேயே குதித்த நான், உச்சத்தில் இறங்கக் கூடாதே, இவ்வளவு நாள் செய்ததெல்லாம் வீணாகிவிடுமே என்று பொரிந்து தள்ளினேன்.

"சரி, எறங்கிட்டேன். இப்ப என்ன செய்யணும்? சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. இடையில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித்தருவதற்குள் மிஸ் போய்விட்டிருந்தார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு உட்காரப் பொறுமையில்லை. "திகன, திகன" என்று கூவிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் வந்து போனது. கையை நீட்டுவேன், அவள் முகத்தைப் பார்ப்பேன், மடக்கிக்கொள்வேன். வெகுநேரம் கழித்து, நான் கேட்காமலே, "இப்ப மூணு" என்றாள். அடுத்து வந்த பஸ்ஸை அவளே கை காட்டி நிறுத்தினாள். வளைவும் பாலமும் கடந்துபோயின. நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை தனியாக வேலைக்குப் போனாள். இன்றைக்கும் போகிறாள், ஆனால் இரண்டு பஸ்ஸில். பாலமும் வளைவும் தாண்டியதும் அதே ஹோல்ட்டில் இறங்கி, கொஞ்சம் உட்கார்ந்து, அடுத்ததில் ஏறுவாள். பயம் குறைந்த அடையாளமா இது, அல்லது பாதிப் பயத்தை அப்படியே பழக்கமாக்கிவிட்டோமா? அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் ஆள் போடவில்லை என்கிறார்கள். பிந்தி வருகிறாள் என்று ஒபிசில் முணுமுணுக்கிறார்கள் என்பதால், அக்கா இப்போது காலையில் ஒரு பஸ் முந்தியே கிளம்பிவிடுகிறாள்.