எது இறங்குகிறது?

"ஜெனி, காலைல உங்க மாமாவுக்குக் கை நடுங்கும். பயந்துடாதே," என்றாள் மரியபுஷ்பம்.

கல்யாணம் முடிந்து எட்டாம் நாள். கொண்டாப்பூர் ஃபிளாட்டின் சமையலறையில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். ஜெனிட்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை?"

"இறங்கும்."

"என்ன இறங்கும்?"

"ராத்திரி ஏத்தினது காலைல இறங்க வேண்டாமா? இருபத்தஞ்சு வருஷமா பாக்கிறேன். வேர்க்கும், நடுங்கும், சும்மா எரிஞ்சு விழுவாரு. பாட்டில் மூடியில ஒரு மூடி சரக்கு உள்ளே போச்சுன்னா ஆளு ஸ்டெடி."

"டாக்டர்கிட்ட…"

"டாக்டர் சுகர் மாத்திரை குடுத்திருக்காரு. அதை மணி அடிச்ச மாதிரி போட்டுக்குவாரு. நீ மட்டும் எதுவும் கேக்காதே. மருமக கேட்டுட்டான்னா மனுஷனுக்கு வெக்கமாயிடும்."

ஜெனிட்டா சரி என்று தலையாட்டினாள். கேட்காமல் இருப்பது அவளுக்குச் சிரமமான வேலை இல்லை. பிறந்த வீட்டிலேயே அவளை 'மாதா சுரூபம்' என்று கேலி செய்வார்கள். எதிரே நின்று என்ன சொன்னாலும் பதில் வராது.

மாமனார் கொர்னேலியஸுக்குச் சொந்த ஊர் என்றால் செகந்தராபாத்தான். தாத்தா காலத்தில் திருச்சியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அவர் பேசுகிற தமிழில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் உப்பு மாதிரி கலந்திருக்கும். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் எடை அறையில் இருபத்தோரு வருஷ வேலை. மாத்திரைக்குப் போகிற பொடிகளைத் தராசில் நிறுத்துக் கொடுப்பவர். மூட்டையைத் தூக்கும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார் என்று கூட வேலை செய்பவர்கள் பந்தயம் கட்டுவார்களாம். ஆனால் தராசில் ஏறாத எடையை ஒரு நாளும் அவர் எழுதியதில்லை. குடிக்கிற மனிதரை இத்தனை வருஷம் கம்பெனி வைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு குணத்துக்காகத்தான்.

வீட்டில் அவர் யாருக்கும் தொந்தரவு இல்லை. சாயங்காலம் பால்கனி நாற்காலி, ஒரு கிளாஸ், ஒரு பாட்டில். குடித்த பிறகு சோற்றைத் தொடமாட்டார். புஷ்பம் தட்டை மூடி வைத்து, மூடியபடியே ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பாள். விடிந்தால் வேர்வையும் நடுக்கமும். ஒரு மூடி. அப்புறம் குளியல், மாத்திரை, கம்பெனி பஸ். அந்த அவசரத்திலும் வீட்டில் முதல் டீயை அவர்தான் போடுவார். மருமகளின் டம்ளரை அவள் கம்ப்யூட்டர் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் ஜெனிட்டாவுக்கு முதலில் பழகியது அந்தச் சத்தமில்லாமைதான்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டுத் தட்டெழுத வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். சில டாக்டர்கள் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். ஒரு தடவை ஒருவர் 'ஹைப்போ' என்று சொன்னதை அவள் 'ஹைப்பர்' என்று அடித்துவிட்டாள். சர்க்கரை இறங்கிய ஆள் காகிதத்தில் சர்க்கரை ஏறிய ஆளாகிவிட்டான். சரிபார்ப்பவர் கண்டுபிடித்துத் திருத்தினார். அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தை வரும் இடத்தில் அவள் கால் தானாகவே பெடலை விட்டுவிடும். திரும்ப ஓட்டிக் கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்றைக் கவனித்தாள். கை நடுக்கம், வேர்வை, நெஞ்சுப் படபடப்பு, குழப்பம்: குடியை நிறுத்தியவர்களைப் பற்றிச் சொல்லும்போதும் டாக்டர்கள் இதே பட்டியலைத்தான் சொன்னார்கள், சர்க்கரை இறங்கியவர்களுக்கும் இதேதான். ஆகவே ஆள் மேல் சாராய வாடையே அடித்தாலும், அவர்கள் முதலில் சொல்வது விரல் நுனியில் பார்த்த சர்க்கரை அளவு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

2006ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி திருநீற்றுப் புதன். அந்தத் தவக்காலம் முழுக்கக் குடிப்பதில்லை என்று கொர்னேலியஸ் யாரும் கேட்காமலே முடிவெடுத்தார். ஜெனிட்டாவின் கணவன் ஆலன் அப்போது கம்பெனி வேலையாக டல்லஸில் இருந்தான். தந்தையின் முடிவை ஃபோனில் கேட்டு, "பார்க்கலாம் டாடி," என்றான். அந்தப் 'பார்க்கலாம்' அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோடு பாட்டிலை மூடினார். புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வந்து, "ஒருசந்தியும் பிடிக்கப் போறேன்," என்றார். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. மத்தியானம் கஞ்சி குடித்தார். ராத்திரி ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலையிலும் ஒன்றுமில்லை. சுகர் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டார்.

வியாழன் பத்தரை மணிக்கு ஜெனிட்டா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்க வந்தாள். அன்று வேலைக்குப் போகாத மாமா பால்கனி நாற்காலியில் இருந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் முழங்கால் இடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படியும் தோள் வரைக்கும் நடுங்கியது.

"இறங்குது," என்றாள் புஷ்பம், ஜெபமாலையை உருட்டியபடி. "முழுசா இறங்கட்டும். இன்னிக்கு மூடி கிடையாது."

"ஹவ்," என்றார் கொர்னேலியஸ். "ஆண்டவர் சிலுவை சுமந்தாரு. நான் இதைச் சுமக்கக் கூடாதா?"

"இத்தனை நாள் பாட்டிலைச் சுமந்தீங்களே, அதுக்கும் சேத்துச் சுமங்க."

"பாத்தியாமா? உங்க அத்தை ஜட்ஜா போயிருந்தா கோர்ட்டுக்கு வக்கீலே தேவையில்லை. நேரா தண்டனை." சிரிக்கப் பார்த்தார். பிறகு ஜெனிட்டாவைப் பார்த்து, "தங்கம், பஸ் போயிடுச்சா?" என்றார்.

தங்கம் அவருடைய அக்கா. இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

ஜெனிட்டாவின் கால், இல்லாத பெடலைத் தேடியது. அத்தை சொல்வதுபோல் அது குடியாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது என்று கண்காணாத டாக்டர்கள் தினமும் அவள் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்து பார்க்கலாம் என்றால், இறங்குவது சர்க்கரையாக இருந்தால் அதற்குள் நினைவு தப்பிவிடும். அப்புறம் வாயில் எதையும் ஊற்ற முடியாது.

ஷோகேஸில் பொம்மைக் கல்யாண ஜோடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை இருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின். ஆலன் ஒரு நண்பனிடம் கொடுத்தனுப்பியது. பிரித்தால் ரத்தம் தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் வீணாகும் என்று புஷ்பம் அதைப் பத்திரப்படுத்தியிருந்தாள். ஜெனிட்டா அதை எடுத்துவந்து மாமாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நக்கோமா," என்று கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். "இது சரக்கு கேக்குற நடுக்கம். எனக்குத் தெரியாதா?"

"அவருக்கே தெரியுதே, நீ எதுக்குக் குத்தறே? விடு ஜெனி," என்றாள் புஷ்பம்.

மற்ற நாளாக இருந்தால் ஜெனிட்டா எழுந்து போயிருப்பாள். அன்று எழவில்லை.

"மாமா, உங்க ரூம்ல மூட்டையைப் பாத்த உடனே எடையை எழுதிடுவீங்களா?"

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். கண் அவள் மேல் நிலைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"சீ, தராசுல வைக்காம எப்படி எழுதறது?"

"அப்போ கையைக் குடுங்க."

முழங்கால் இடுக்கிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நடுங்குகிற விரலை அவள் தன் இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக் குத்தினாள். மெஷினில் எண் வந்தது: நாற்பத்தொன்று.

"நல்லதுதானே? கம்மியாத்தானே இருக்கு?" என்றாள் புஷ்பம்.

"எழுபதுக்குக் கீழே போகக் கூடாது அத்தை. சக்கரை கொண்டாங்க. சீக்கிரம்!"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. புஷ்பம் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை. டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை. மருமகள் பிடித்துக்கொள்ள, மடக்கு மடக்காகக் குடித்தார். கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். எழுபத்தாறு. வேர்வை நின்றது. இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, "ஜெனி, உன் வேலை கெட்டுப்போச்சே," என்றார்.

தன் பெயரை அவர் வாயில் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழறே? குத்து வாங்கினவன் நானு."

ஆனால் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முன்னைவிடக் குறைவு, அவ்வளவுதான். சர்க்கரை ஏறிய பிறகும் நிற்காத அந்த நடுக்கத்துக்குப் பயந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் வேதாசலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க," என்றார். "சுகர் இறங்கினது ஒண்ணு. அதை நீங்க பிடிச்சீங்க. இப்போ மிச்சம் இருக்கிற நடுக்கம் குடியை நிறுத்தினதால."

வயிறு காலியாகக் கிடக்கும்போது உடம்புக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுக்கும் கிடங்கு ஈரல் என்றும், குடி அந்தக் கிடங்கின் கையைக் கட்டிப்போட்டுவிடும் என்றும் விளக்கினார். ராத்திரி சாப்பிடாமல் குடித்தே கிடங்கு காலி, அதன்மேல் ஒருசந்தி, அதன்மேல் சர்க்கரையைத் தள்ளிக் குறைக்கிற மாத்திரை. "இத்தனை வருஷம் காலைல வந்த நடுக்கத்துல எத்தனை நாள் இது, எத்தனை நாள் அதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். தினமும் குடிக்கிறவர் வீட்ல தன்னந்தனியா ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. வலிப்பு வரும், உயிரே போகும். என்கிட்ட வந்து நிறுத்துங்க."

படுக்கையில் சேர்த்து, வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, சுகர் மாத்திரையையும் மாற்றினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். பங்குத் தந்தையிடம் புஷ்பமே போய்ப் பேசினாள். சுகர் உள்ளவருக்கு ஒருசந்திக் கடமையே இல்லை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு ராத்திரித் தட்டு மூடப்படவில்லை. 'இறங்குது' என்று யாராவது சொன்னால் 'எது?' என்று முதலில் கேட்பவள் புஷ்பம்தான்.

கொர்னேலியஸ் மறுபடி குடிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆலன் ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு நாள் குடித்தார். மறுநாள் காலை டீயை வைக்கும்போது தானாகவே வந்து மருமகளிடம் சொன்னார். அதோடு சரி. 2011இல் ஓய்வு பெறும் வரை அதே எடை அறையில் நிமிர்ந்து நின்றார். கோயில் வாசலில் யாராவது விசாரித்தால், "மருமக குத்திப் பிழைச்ச மாமனார் செகந்தராபாத்லயே நான் ஒருத்தன்தான்," என்பார். இப்போது பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது அவர் வேலை.

ஜெனிட்டா அன்றாடம் ஜெபத்தில் நன்றி சொல்வது அந்த எழுபத்தாறுக்காக மட்டுமல்ல. எதிரே உட்கார்ந்து கேட்ட ஒரு கேள்விக்காக, சிலுவை என்று நம்பிப் பிடித்துக்கொண்டிருந்த நடுக்கத்தை விட்டு ஒரு மனிதர் கையை நீட்டினாரே, அதற்காகவும்தான். வாயடைத்தவள் என்று பெயரெடுத்தவளுக்கு, தான் வாய் திறந்தால் கேட்க ஆள் உண்டு என்று காட்டியது அந்தக் கை.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, மறுநாள் முதல் தடவையாக வேலைக்குக் கிளம்ப இருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் அவளிடம் ஒன்று கேட்டார். பஸ்ஸில் விழுந்துவிட்டால் குடிகாரன் என்று இறக்கிவிட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சீட்டு வேண்டும், தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதித் தர வேண்டும் என்றார். ஜெனிட்டா உடனே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, 'இவர் குடித்தவர் அல்ல, சர்க்கரை நோயாளி' என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்று படித்தவர் அவள் தோளைத் தட்டினார்.

"நக்கோமா. அது பொய். 'இவர் குடிச்சவர்தான், இப்போ நிறுத்தியிருக்கார்'னு எழுது. 'எப்படி இருந்தாலும் முதல்ல விரல்ல குத்திப் பாருங்க'ன்னு அதுக்குக் கீழே எழுது."