ஏர் குளியல்

2007இல் எங்கள் ஜெனிக்கு ஆறு வயது. மாலை ஆறு மணியானால் அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். ஐஸ்தான் காரணம் என்று ஐஸை நிறுத்தினோம். அடுத்து வாழைப்பழத்தை. பாவம், வாழைப்பழம் ஒரு தவறும் செய்யவில்லை.

எனக்கும் என் மாமனாருக்கும் திருமுடிவாக்கத்தில் சிறிய வெல்டிங் பட்டறை. கிரில் கேட் செய்வோம். பள்ளி வேன் ஜெனியைப் பட்டறையில்தான் இறக்கிவிடும். கிளம்புமுன் கம்ப்ரஸர் ஹோஸால் உடம்பெல்லாம் காற்றடித்துத் தூசி தட்டிக்கொள்வோம். சுத்தமாக வீட்டுக்குப் போக வேண்டுமல்லவா! ஜெனிக்கும் அடிப்போம். கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாள். 'ஏர் குளியல்' என்று பேர் வைத்ததே அவள்தான்.

ஒருநாள் மூச்சு வாங்கி அவளுக்குப் பேச்சே வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்து தாம்பரத்துக்கு, நெஞ்சு டாக்டரிடம் நானும் மாமாவும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்ததும் தெளிந்தாள்.

டாக்டரம்மா விசாரித்தபோது ஏர் குளியலைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"துணியில இருந்த தூசியைக் கிளப்பி நீங்களே இழுத்திருக்கீங்க சார். வெல்டிங் புகையில நானோ துகள் (தலைமுடிப் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கு. கர்சீப் கட்டினாலும் நிக்காது."

மூவருக்கும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுத்தார். மூன்றும் மூன்று விதம். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா இது? ஒரே பட்டறை, ஒரே தூசி. ஆளுக்கொரு ரிசல்ட் குட்த்தா எப்டி?"

டாக்டர் சிரித்தார். "குழந்தைக்கு மூச்சுக்குழாய் குறுகல், மூச்சும் வேகம். அவ உடம்பு அளவுக்குப் பார்த்தா உங்களைவிட அதிகமா தூசி படியும். உங்க வயசுல, படிஞ்சதை வெளியே தள்றது மெதுவாயிடும். போன திறன் முழுசா திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்தலாம். உங்க மாப்பிள்ளை நடுவுல இருக்கார். இப்பவே நிறுத்தினா தப்பிச்சிடுவார்."

"ஜெனி?" என்றேன்.

"அவ நுரையீரல் இன்னும் வளருது. நீங்க தூசியை நிறுத்துங்க, மீதியை அவ பாத்துக்குவா."

அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

வேன் வீட்டு வாசலுக்கு மாறியது. பட்டறையில் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன் வைத்தோம். சரியான மாஸ்க் வாங்கினோம். பட்டறையிலேயே குளித்துத் துணி மாற்றிக்கொண்டு கிளம்பினோம். ஜெனிக்கு இன்ஹேலர். உங்கள் வீட்டிலும் பட்டறைக்காரர் இருந்தால், குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள்.

ஏழு மாதம் கழித்து மறுபடி ஊதிப் பார்த்தார்கள். ஜெனி அமர்க்களமாக ஊதினாள். அந்தச் சந்தோஷத்தில் கிண்டி பூங்காவுக்குக் கிளம்பினோம்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவள் படி விட்டுப் படி தாவி ஏறினாள். மேலே போய்த்தான் நின்றாள். விசில் இல்லை. நான் பாதியில் ஒருமுறை நின்றேன், மாமா நான்கு முறை. கீழே மின்சார ரயில் கிளம்பத் தயாராக நின்றது. முன்பென்றால் மாமாவின் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

"தாத்தா, சீக்கிரம் வா! வண்டி போய்டும்!"

"போனா போவுது கண்ணு. அட்த்த வண்டியும் நம்ப வண்டிதான்."

வண்டி போயே போய்விட்டது. மூவரும் பாலத்தின் மேல் நின்று, அவரவர் நெஞ்சுக்கு ஏற்ற வேகத்தில் மூச்சு விட்டோம். ஒரு ரயிலைத் தவறவிட்டு அத்தனை சந்தோஷமாக நான் நின்றதே இல்லை.