ஏன் கேட்கிறது என்று போய்ப் பார்த்தவர்

பவானியின் மரணச் செய்தி வந்த காலையில் என் கணினித் திரையில் அவருக்கு ஒரு கேள்வி காத்துக் கிடந்தது. கேட்டது மனிதர் அல்ல, லண்டன் லூயிஷாமில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தின் கணினிகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த ஏஐ ஏஜென்ட். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பவானியின் தம்பி அழைத்தார். “அண்ணை, அக்கா விடிய மோசம் போயிட்டா. ஆஸ்பத்திரியிலதான்.”

பவானியோடு பழகிய பலருக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்பது சரியாகத் தெரிந்திருக்காது. “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி முடித்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் படித்து, லண்டனுக்கு வந்தவர். இங்கே ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தேடு கருவியைச் செய்தோம். ஏஐ ஏஜென்ட் என்பது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் மென்பொருள். அது ஒரு நிறுவனத்தின் கணினிகளில் கை வைக்குமுன் எங்கள் கருவியில் பாதுகாப்பு விதிகளைத் தேடிப் பார்க்கும். எந்த அறைக்குள் யார் போகலாம், திரை எப்போது தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பவை போன்ற விதிகள்.

தொடக்கத்தில் அந்தக் கருவிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பொருந்தும் விதி கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பதை எடுத்து நீட்டும். ஏஜென்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிடும். எங்கள் மேலாளருக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. பவானிக்குப் பிடிக்கவில்லை. “வழி தெரியாதவன் வெக்கத்தில ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுற மாதிரியெல்லோ கிடக்கு,” என்றார். சண்டை பிடித்து அதை மாற்றினார். அதன் பிறகு விதி இல்லாத இடத்தில் கருவி சொல்லும் பதில் இதுதான்: இங்கே இல்லை. ஊகிக்காதே. ஆளைக் கேள்.

அந்த ஆள் பவானி.

கேள்விகளை அவர் தேநீரும் கையுமாக உட்கார்ந்து வாசிப்பார். நான் பதிலைத் தேட ஆரம்பித்தால் தடுப்பார். “பதில் கிடக்கட்டும். இது ஏன் இதைக் கேக்குது? அதைச் சொல்லுங்கோ பாப்பம்.” ஒருமுறை ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கணினி அறைக் கதவைப் பற்றி ஏஜென்ட் திரும்பத் திரும்பக் கேட்டது. கதவு பூட்டியிருக்க வேண்டும் என்கிறது விதி. கதவோ எந்நேரமும் திறந்து கிடந்தது. பவானி கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார், நானும் போனேன். உள்ளே கணினிக்குப் பக்கத்தில் கூரை முட்டக் கறிவேப்பிலைப் பெட்டிகள். “கடையில இந்த அறைதானே குளிர், அக்கா,” என்றார் கடைக்காரர். “கறிவேப்பிலையும் வாடக் கூடாது, கம்ப்யூட்டரும் சுடக் கூடாது. பெட்டி எடுக்க வந்து போறதால கதவைப் பூட்டேலாது.” பவானி சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார். பெட்டிகளை வெளியேற்றச் சொல்லவில்லை. கணினியை ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். அறையைப் பூட்ட முடியாத இடத்தில் கூண்டைப் பூட்டலாம் என்று கருவியிலும் எழுதி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், நலம் விசாரிக்க வாய் திறந்த என்னை முந்திக்கொண்டு, “ஏதும் புதுசாக் கேட்டுதோ?” என்றார்.

இறுதிக் கிரியை முடிந்ததும் மேலாளர், ஆளைக் கேட்கும் ஏற்பாட்டை எடுத்துவிடலாமே என்றார். பவானியும் இல்லை, மருத்துவ நிலையமும் அவசரப்படுத்துகிறது, பழையபடி பக்கத்து விதியைக் கொடுத்துவிடட்டும் என்பது அவர் கட்சி. எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று லூயிஷாமுக்குப் போனேன்.

சிகிச்சை அறைக் கணினியின் பூட்டிய திரையில் அடிக்கடி பொருளற்ற எழுத்துகள் விழுகின்றன, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. பக்கத்து விதிப்படி பார்த்தால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே புகப் பார்க்கிறார்கள், உடனே அந்தக் கணக்கை முடக்க வேண்டும். அறையில் நின்று பார்த்தேன். தமிழ்த் தாதி ஒருவர் முதியவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவே திரை அணைந்து பூட்டிக்கொண்டது. கையுறையோடு தொட முடியாமல் முழங்கையால் விசைப்பலகையைத் தட்டினார், திரையில் கண்டபடி எழுத்துகள் விழுந்தன. “வேற என்ன செய்ய, அண்ணை? அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது எண்டு இதிலதான் கிடக்கு.”

கணக்கை முடக்கியிருந்தால் அந்தத் திரை திறந்தே இருக்காது. கழுத்தில் தொங்கும் அட்டை அருகில் வந்தாலே திறக்கும்படி செய் என்று அங்கிருந்தே பதில் அனுப்பினேன். உடனே மறுமொழி வந்தது: நன்றி, பவானி.

கருவியில் பதில் சொல்லும் ஆளாக அவர் பெயர்தான் இன்னும் இருந்தது. முழங்கைக் கதையைக் கேட்ட பிறகு மேலாளர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. பவானியின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன், மனமில்லாமல்தான். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த இடமும், ஏன் கேட்கிறது என்று புறப்பட்டுப் போய்ப் பார்க்கும் பழக்கமும். அன்று லூயிஷாமிலிருந்து திரும்பும் ரயிலில், முழங்கைக் கதையைச் சொல்ல என்னை அறியாமல் கைபேசியில் பவானியின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன்.