கோழிக்கு என்று வாங்கிய நொய்

கப்பலிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் என் கணவரிடம், "இங்க அரிசிக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் சமையலறை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய தகர டின் நிறைய அரிசி இருந்தது. நான் கேட்டது அரிசியை அல்ல, கடையை. அதை அவருக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. அவர் என் அத்தை மகன்தான். ஆனால் மலேசியாவில், பட்டர்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்து துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார். காகிதங்கள் எல்லாம் சரியாகி நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது என் கையில் ஐந்து மாதப் பையன் இருந்தான்.

மன்னார்குடியில் ஆசிரியப் பயிற்சி படித்த இரண்டு வருடமும் அரசு விடுதியில் இருந்தேன். சனிக்கிழமை மாலை வெளியே விடுவார்கள். குளக்கரையோடு நடந்து கடைத்தெருவுக்குப் போவோம். அரிசிக்கடைகள் வரிசையாக இருக்கும். கோணிச்சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டு, அரிசியைக் கூம்பாகக் குவித்து, அதன் உச்சியில் விலை எழுதிய அட்டையைக் குத்தி வைத்திருப்பார்கள். சாக்கும் தவிடும் கலந்த ஒரு வாசனை தெரு முழுக்க நிற்கும். எதிர்ச்சுவரில் "ரூபாய்க்குப் படி அரிசி" என்று தேர்தலுக்கு எழுதியது, ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியும் சுண்ணாம்புக்கு அடியில் தெரிந்துகொண்டிருக்கும். கடைக்காரர்கள், "ரெண்டு எடுத்து வாயில போட்டுப் பாருங்க" என்பார்கள். வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்வார்கள். நானும் சாக்குக்குள் கையை விட்டு அரிசியை அளைந்து பார்ப்பேன்.

எங்கள் ஊர்க் கடையில் அப்படிக் கையை விட முடியாது. அம்மா கடைப் படிக்கட்டுக்குக் கீழே ரோட்டில் நின்றுதான் கூப்பிடுவார். கேட்டதை மேலிருந்து முந்தானையில் போடுவார்கள். மன்னார்குடிக் கடைத்தெரு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது யோசித்ததில்லை. பட்டர்வொர்த் தெருக்களில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போதுதான் யோசித்தேன். எங்கள் வீட்டு முனையில் இருந்த சீனர் கடையில் எல்லாமே டின்னிலோ காகிதப் பையிலோ இருந்தது. விரலால் காட்டினால் எடுத்துக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் எதையும் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

பையனுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது தாய்சேய் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்கிறார்கள். அந்த மலாய் மிஸ்ஸி அவனை எடை போட்டு, அட்டையில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த மாதம் இன்னொரு புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு மேலே போகவில்லை. படுத்துக் கிடந்தது. கணவர் மொழிபெயர்த்தார்: "பால் மட்டும் பத்தாதாம். இந்த டின் மாவக் கரைச்சுக் குடுக்கச் சொல்றாங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணுமாம்."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. டின் மாவைக் கரைத்துக் கொடுத்தால் பையன் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். மூக்கைப் பிடித்துப் புகட்டினால் எல்லாவற்றையும் என் தோள்மேல் கக்கினான். நான் கரைக்கும் பதம் தவறா, தண்ணீர் சூடு அதிகமா, அல்லது கடல் கடந்து தூக்கி வந்ததே தவறா என்று ஒவ்வொரு வேளையும் யோசனை. படித்த பெண்தானே, புத்தகத்தில் குழந்தை வளர்ப்பு என்று ஒரு பாடமே இருந்ததே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஊரில் என்றால் நொய்க்கஞ்சி வைத்திருப்பார்கள். புழுங்கலரிசி அரைக்கும்போது உடைந்து விழும் குருணையைத்தான் நொய் என்போம். அதை வறுத்து, சீரகமும் ஒரு பல் பூண்டும் போட்டுக் குழையக் காய்ச்சி மசித்தால் பல் இல்லாத வாய்க்கும் இறங்கும். ஒருநாள் தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன கஞ்சி?"

"நொய்க்கஞ்சி அத்தை."

"இந்தா பாரும்மா. பண்ணை வீட்டு மில்லு வாசல்ல கூட்டி அள்ளுன நொய்ய முறத்துல வாங்கிக் குடிச்சு வளந்தவ நான். அது போதும்னுதான் கப்பல் ஏறுனேன். எம் பேரன் வாயில அது படக் கூடாது."

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான புதிதில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர், பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. அவருக்குத் தெரிந்த நொய் வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு முழுவதும் அறுப்புக்குப் போகவில்லை. பண்ணையார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். வாய்க்கால் மதகடியில் போலீஸ் வேன் நின்றது. அந்த நாட்களில் அப்பாவும் இன்னும் நாலு பேரும் மன்னார்குடியிலிருந்து நொய் மூட்டை வாங்கித் தலையில் சுமந்து வந்தார்கள். தெரு நடுவில் ஒரே அண்டாவில் காய்ச்சினார்கள். முதலில் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். அது யாரும் கூட்டி அள்ளிப் போட்டதல்ல, நாங்களே வாங்கியது. இதை அத்தையிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியாரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. வீட்டு அரிசியை அம்மியில் உடைத்துக் காய்ச்சிப் பார்த்தேன். அது சயாம் பச்சரிசி. பசை போல ஆனது. பையன் துப்பிவிட்டான்.

அந்த வாரம்தான் ரயில் பாதைக்கு அப்பால் அந்தக் கடையைக் கண்டேன். முதலில் வந்தது வாசனை. சாக்கு, தவிடு, வரமிளகாய், கருவாடு. உள்ளே எட்டிப் பார்த்தால் சாக்குகளின் வாயைச் சுருட்டி, அரிசியைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்கார பாய்க்கு அறுபது வயதிருக்கும். பூர்வீகம் நாகூர்ப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"உள்ள வாங்கம்மா. புதுசா வந்திருக்கீங்களா? என்ன வேணும்?"

குருணை என்று கேட்க நினைத்தேன். படித்த வார்த்தை. வாயில் வந்தது, "நொய் இருக்கா பாய்?"

"இருக்கே. எவ்வளவு, ரெண்டு கட்டி போதுமா?"

"கட்டியா இருந்தா வேண்டாம் பாய். உதிரியா குடுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். "கட்டின்னா இங்க நிறைம்மா. ஊர்ல வீசைன்னு சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி." பிறகு அதே சிரிப்போடு சாக்கில் கையை விட்டபடி கேட்டார்: "கோழிக்குத்தான?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் இடுப்பில் பையன் இருந்தான். அவனுக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இங்கே நொய் என்றால் கோழித் தீவனம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார், அத்தை காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றெல்லாம் ஓடியது.

"ஆமா பாய். கோழிக்குத்தான்."

"எத்தனை கோழி?"

"ஆறு."

அத்தை காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கப் போய்ப் பத்து மணிக்கு வருவார். அதற்குள் காய்ச்சி, கொடுத்து, சட்டியையும் கழுவிவிட வேண்டும். கோழிக்கு என்று கொடுத்ததால் அதில் கல்லும் உமியும் நிறைய இருந்தன. மூன்று முறை புடைத்தேன், ஏழு தண்ணீரில் கழுவினேன். கோழிக்குப் பூச்சி மருந்து ஏதாவது கலந்திருப்பார்களோ என்று பயந்து, முதல் நாள் நானே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு ஒரு நாள் முழுதும் வயிறு வலிக்கிறதா என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பையனுக்குக் கொடுத்தேன். முதல் வாயைத் தள்ளிவிட்டு, உதட்டில் ஒட்டியதை நக்கிப் பார்த்து, பிறகு வாயைத் திறந்தான். நான் அழுதுகொண்டே ஊட்டினேன். திருடுகிற மாதிரியும் இருந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் பாய் கோழிகளை விசாரிப்பார். "சேவல் உண்டா? அடை வச்சிருக்கீங்களா?" நானும் ஏதாவது சொல்லிவைப்பேன். ஒன்று அடையில் இருக்கிறது என்றேன். ஒன்றைப் பூனை கொண்டுபோய்விட்டது என்றும் சொன்னேன். ஐந்து மீதி என்று வேறு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தை வெற்றிலைக்கு மட்டும் அந்தக் கடைக்குப் போவார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை வெற்றிலைக் கட்டோடு வந்து, முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றார்.

"பாய் நாலு நாட்டுமுட்டை கேக்குறாரு. மருமக நொய் வாங்கிப் போட்டு வளத்த கோழியாமே. எங்கம்மா அது?"

பையன் தரையில் தவழ்ந்து வந்து அத்தையின் சேலையைப் பிடித்து எழுந்தான். நான் அவனைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நாலெழுத்துப் படிச்சவ செய்யற வேலையா இது" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். நான் நொய்யை நிறுத்திவிட்டு டின் மாவுக்கே திரும்பினேன். பையன் திரும்பவும் கக்கினான்.

நான்காம் நாள் நிலையத்துக்குப் போக வேண்டும். கணவருக்கு வேலை இருந்தது. எனக்கு மலாய் தெரியாது. அத்தை தானாகவே நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மிஸ்ஸி எடை போட்டார். முள் நிற்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது அது சாய்ந்து மேலே ஏறியது. மிஸ்ஸி அத்தையிடம் ஏதோ கேட்டார். என்ன கொடுக்கிறீர்கள் என்றுதான் இருக்கும். அத்தை டின் மாவு என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் திருத்துவதற்கு எனக்கு மொழி இல்லை. மொழி இருந்தாலும் திருத்தியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அத்தை நீளமாகப் பேசினார். எனக்குப் புரிந்தவை இரண்டே வார்த்தைகள். பெராஸ் என்றால் அரிசி. ஆயாம் என்றால் கோழி. மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, அட்டையில் ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்ன அத்தை சொன்னீங்க?"

"பூபோர் குடுக்குறோம்னு சொன்னேன். இங்க கஞ்சிக்குப் பூபோர்னு பேரு. அவங்க புள்ளைங்களுக்கும் அதத்தான் குடுக்குறாங்களாம். ராசா வீட்டுலயும் குடிப்பாங்களாம்."

"ஆயாம்னு காதுல விழுந்துச்சே."

"ஆறு கோழி வளத்தோம், பூனை ஒண்ணத் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னேன். நீ மட்டுந்தான் சொல்லலாமா?"

அத்தை வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரயில் பாதையைத் தாண்டினார். பாய் கடையில் வெற்றிலையைத் தொடவில்லை. நேரே நொய்ச் சாக்கருகே போய், ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறிப் பார்த்தார்.

"பாய், இதச் சலிச்சு, கல்லு பொறுக்கிக் குடுங்க. வீட்டுல புள்ளைக்குப் பூபோர் காச்சுறோம்."

பாய் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். முட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சல்லடையை எடுத்து அவரே சலிக்க உட்கார்ந்தார்.

கோடு ஏறியது நொய்யாலா, அல்லது பல் முளைத்து அவனுக்கே பசி வந்துவிட்டதாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். நிலையத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து அத்தை அந்தக் கஞ்சியைத் தன் கையாலேயே காய்ச்சினார். தான் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. அதன் ஊர்ப் பெயரையும் சொன்னதில்லை. அந்த நாளில் ஊருக்கு எழுதிய கடிதத்தில், "பிள்ளை நொய்க்கஞ்சி நன்றாகக் குடிக்கிறான்" என்று எழுதினேன். ஒட்டுவதற்கு முன் அத்தை வாசித்துக் காட்டச் சொல்வார் என்று நினைவு வந்தது. நொய் என்ற சொல்லை மட்டும் மை வைத்து அடித்தேன். அடித்தது சரியா என்று தபால்பெட்டிவரை யோசித்துக்கொண்டே போனேன்.