லவீனியாவின் துய்துயி மரம்

எங்கள் தீவில் அக்கா சொன்னால் சொன்னதுதான், தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் மறுபேச்சு கிடையாது. என் தம்பி பெண்டாட்டி லவீனியா மட்டும் "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு இருப்பாள். அவள் கொல்லையில் நின்ற துய்துயி மரத்தை வெட்டச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது. காற்றடித்தால் அதன் கொட்டைகள் என் தகரக் கூரையில் தடதடவென்று விழும், பகலில் கண்ணசர முடியாது.

அவளோ அதன் கீழேயே கிடப்பாள். மாவு தூவினாற்போல வெளுத்த இலைகள். பட்டப்பகலிலும் அந்த மூலையில் மட்டும் நிலா காய்வதுபோல இருக்கும். அண்ணாந்து பார்த்தபடி நின்றால் அடுப்பில் கிழங்கு கருகுவதுகூட அவளுக்குத் தெரியாது.

புயலில் மின்சாரம் போனபோது, கொட்டையை உடைத்துப் பருப்புகளைத் தென்னை ஈர்க்கில் கோத்துக் கொளுத்தினாள். ஒன்று எரிந்து முடிய அடுத்தது பிடித்துக்கொண்டது. அந்தக் கரியை வழித்து மரப்பட்டைத் துணியில் கறுப்புக்கோடு போட்டாள். சரி, என்னதான் ருசி என்று நானும் ஒரு பிடி பருப்பைத் தின்றுவைத்தேன். ஐயோ, அன்று முழுக்கக் கொல்லைக்கு நடையாய் நடந்தேன்!

"வயித்துக்கட்டுக்கும் ஆகும்னு தெரிஞ்சுபோச்சுக்கா" என்றாள், சிரிக்காமல். திமிர் பிடித்தவள்.

என் தம்பி ஃபெலெட்டி கடல் அட்டைக்காக ஆழத்தில் மூழ்குகிறவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக்குமிழ் அடைத்து, இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல் போயிற்று. கடல் தெரியும் ஜன்னலைப் பாயால் மறைக்கச் சொன்னான். பிறகு பேச்சே நின்றுவிட்டது. இப்படியே உள்ளுக்குள் செத்துப்போவானோ என்று பயந்தேன்.

லவீனியா துய்துயிப் பருப்பை மென்று, அந்த நுரையால் அவனைத் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். குழந்தைக்கும் நோயாளிக்கும் எங்களுக்கு அதுதான் சோப்பு. ஒரு மத்தியானம் குளிப்பாட்டி முடித்து, வாய் கொப்பளிக்கக் கடலுக்கு வந்தாள். நான் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். முழங்கால் தண்ணீரில் துப்பியவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க!"

அவள் துப்பிய பருப்பெண்ணெய் படர்ந்த இடத்தில் மட்டும் பாய் விரித்த அளவுக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அலை அதன் ஓரம் வரை வந்து படுத்துக்கொண்டது. கீழே மணலின் ஒவ்வொரு வரியும், நீல நட்சத்திர மீன் ஒன்றும், கண்ணாடிக்குள் இருப்பதுபோலத் தெரிந்தன.

"அவர இங்க கொண்டாரணும்க்கா."

"வரமாட்டான்டி. கடல்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

"நீங்க சொன்னா தட்ட முடியாதுல்ல?"

கூடப்பிறந்தவனின் அறைக்குள் அக்கா காலெடுத்து வைப்பது எங்களில் வழக்கமில்லை. வாசலில் நின்று கத்தினேன்.

"ஃபெலெட்டி! அக்கா சொல்றேன், எந்திரி. தோணிக்கு வா."



"எந்திரிக்கணுமா? நல்லாச் சொன்னக்கா" என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் பேசிய முழுப் பேச்சு அதுதான்.

பக்கத்து வீட்டு ஆண்கள் அவனைத் தூக்கிவந்து தோணியில் குப்புறப் படுக்கவைத்தார்கள், முகம் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி. மார்பளவு தண்ணீரில் நான் தோணியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன், தம்பி படுத்திருப்பதை அக்கா பார்க்கக் கூடாது என்ற முறைப்படி முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு. பவளப்பாறை ஓரத்தில் நிறுத்தினோம். லவீனியா பருப்பை மென்று துப்பினாள், மறுபடி மென்று துப்பினாள். நானும் மெல்லலாம்தான்; பட்டது போதும்.

அவன் முகம் எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுவந்திருக்கவே கூடாதோ? பாவி நான், புண்ணைக் கிளறிவிட்டேனோ?

"லவீனியா, துப்பு" என்றான்.

"வாய் எரியுதுங்க."

"துப்புடி, மூடிக்கப் போகுது. ஐயோ, அந்தா பாரு... எவ்ளோ பெரிய அட்டை! என்ன மெதுவாப் போகுது பாரு, மகாராசன் மாதிரி."

குரலில் சின்னப் பையனாக இருந்தான். லவீனியா சிரித்துக்கொண்டே துப்பும் சத்தம் கேட்டது. நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரை சரியாகத் தெரியவில்லை.

"அக்கா! தோணிய ஏன் ஆட்டுற? தண்ணி கலையுது."

நான் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டு, அசையாமல் நின்றேன்.