ஒரு படி பின்வாங்கிய சேலைகள்

2007 அக்டோபர் 27, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையிலிருந்து விடாத தூறல். ஆரணியில் நான் கணக்கு பார்த்துவந்த பட்டு ஜவுளிக் கடையின் கம்ப்யூட்டர் அந்த வாரக் கூலிப் பட்டியலை அச்சடித்தது. வழக்கமாக இரண்டு தாள் வரும். அன்று பதினேழு. ஏற்கெனவே கூலி வாங்கிப் போன எல்லாச் சேலைக்கும் மறுபடி கூலி. அந்த வாரம் சேலை கொண்டுவந்து, வெளியே நனைந்தபடி நின்ற நெசவாளிகளில் பெரும்பாலோரின் புதுச் சேலை அதில் இல்லை.

அந்த மென்பொருளை எழுதியவள் என் மகள். சென்னையில் அதுதான் அவள் வேலை. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தவள், சும்மா இருக்கப் பிடிக்காமல் கடைக்காக எழுதினாள். நெசவாளிக்குப் பாவு, அதாவது தறிக்கான நெடுக்கு இழை, கொடுத்தது, தறியில் இருப்பது, சேலை வந்தது, கூலி கொடுத்தது என்று நான்கே நிலைகள். வேறெதையும் பதிய முடியாது. எதற்கும் பதறுகிற எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடித்திருந்தது.

அந்த வாரம் முதலாளி ஐந்தாவதாக ஒரு நிலை கேட்டார். தறியில் மிஞ்சிய பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பது. மகள் அதைக் கடைசியில் சேர்த்திருந்தாள். முதலாளி ஒப்பவில்லை.

“கூலியும் வாங்கிகினு அப்புறமா பிணைக்கிறானாம்மா? அது அது எடத்துல இருக்கணும்.”

எங்கள் தொழிலில் வேலைகளை வரிசை மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவள் அதை இரண்டாம் இடத்துக்கு நகர்த்தி, சனிக்கிழமை நண்பகலில் புதிய மென்பொருளை ஏற்றினாள்.

பதினேழு தாளையும் புரட்டிய முதலாளி குரலை உயர்த்தவில்லை. “பொண்ணு பொழுதுபோக்குக்கு எழுதுது, சரி சார். தீபாவளி நேரத்துல கூலில வெளையாட முடியாது. திங்கள்லேர்ந்து பழையபடி பேரேடே எழுதுங்க.”

அவள் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். தலை நிமிரவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

திரையில் பத்துப் பதிவுகளை எடுத்துக் கைச்சீட்டுகளோடு ஒப்பிட்டேன். கூலி கொடுத்தது ‘சேலை வந்தது’ என்று இருந்தது. வந்தது ‘தறியில்’ என்று இருந்தது. தறியில் இருந்தது ‘பிணைப்பு’ ஆகியிருந்தது. முதல் நிலையான பாவு தவிர எல்லாம் சரியாக ஒரு படி பின்வாங்கியிருந்தன. நண்பகலுக்குப் பின் நான் பதிந்த பதினொன்று மட்டும் பிசகவில்லை. மகளிடம் சொன்னேன். நெற்றியில் கைவைத்தாள்; பிறகு சிரித்துவிட்டாள்.

“பேரை வெக்கலப்பா. எத்தனாவதுன்னுதான் வெச்சிருக்கு.”

மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஓர் அடுக்கு இருக்கிறது. நாம் தனியாகச் சொல்லாவிட்டால், அது நிலையின் பெயரைச் சேமிக்காமல் பட்டியலில் அதன் இடத்தை மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணிச் சேமிக்குமாம். மூன்று என்றால் கூலி கொடுத்தது. நடுவில் ஒன்று நுழைந்ததும் அதே மூன்று ‘சேலை வந்தது’ ஆகிவிட்டது. சேமித்த எண் ஒன்றுகூட மாறவில்லை. அதற்கான பொருள்தான் மாறியிருந்தது.

முதலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கச் சொல்லி நச்சரித்தேன். எடுத்தாள். பிறகு பெயராகவே சேமிக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். பழைய எண்களைப் பழைய வரிசைப்படியும், நான் சுட்டிக்காட்டிய பதினொன்றைப் புதிய வரிசைப்படியும் பெயர்களாக மாற்றினாள். நாலு இருபத்தைந்துக்குப் பட்டியல் வந்தது. இரண்டே தாள். கைச்சீட்டுகளோடு ஒவ்வொரு வரியும் பொருந்தியது.

முதலாளி அப்போதும் நம்பவில்லை. “தரம் பாக்கறதுன்னு நடுவுல இன்னொண்ணு சேர்த்தா?”

“எங்க வேணா வைங்கண்ணே. இனிமே நகராது.”

“இப்பவே சேரும்மா, பாக்கலாம்.”

அவர் கண்ணெதிரே சேர்த்து மறுபடி அச்சடித்தாள். ஓர் எழுத்தும் மாறவில்லை. இரண்டு பட்டியல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், கூலிப் பெட்டியைத் திறந்தார். போளூர் கடைக்கும் இதையே போட்டுத் தரச் சொல்லி அவளிடம் கேட்டார். என்னிடம், “பேரேடு வாங்கிடாதீங்க சார்” என்றார். எனக்கு அந்த வயதில் விசிலடிக்கத் தோன்றியது.

தாமதத்துக்கு என் மகளை யாரும் குறை சொல்லக் கூடாதென்று, வேலை நடந்த நேரத்தில் வாசலில் நின்ற எல்லோருக்கும் டீ வரவழைத்திருந்தேன். முப்பத்தொரு டீ, ஒன்று மூன்று ரூபாய். முதலாளி காசை நீட்டினார். அது என் செலவு என்று நான் வாங்கவில்லை. தொண்ணூற்று மூன்று ரூபாய்.