அக்கா கோத்த தாலிகள்

நாட்டாமை, என் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தவர் நீங்கள்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு விஷக் காய்ச்சல். ஒன்பது வயது. ஆவடி வரை தூக்கிப் போனால் ஆஸ்பத்திரி இருந்தது. நீங்களோ, பிழைத்தால் பிள்ளையை அம்மனுக்கு விடுவதாக வேண்டிக்கொள்ளச் சொன்னீர்கள். பிழைத்தாள். எங்கள் தெருக் கோயிலில் பூசாரி அவளுக்குப் பொட்டுத்தாலி கட்டினார். இனி அவளை யாரும் கட்டிக்கொள்ள முடியாது.

வளர்ந்ததும் ஆடித் திருவிழாவில் ஆட வைத்தீர்கள். ஆடுகிறவளை எவனும் தொடலாம். தட்டிவிட்டால் அம்மன் குத்தம். இருபது வயதில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். தகப்பன் யார் என்று தெருவுக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் கல்யாணம் என்றால் அவள் வேண்டும். அம்மன் பேரில் கட்டியதால் தாலி அறாதவள், கைராசிக்காரி. எந்தப் பெண்ணின் மஞ்சள் கயிற்றிலும் முதல் மணியை அவள்தான் கோக்க வேண்டும். கோத்ததும் கிளம்பிவிட வேண்டும், பந்தியில் இடம் கிடையாது. உங்கள் மூத்த மகளுக்குக் கோத்தாள். எனக்கும் கோத்தாள். மாமியார் வீட்டுக்குப் பயந்து நானும் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. அது என் தப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் மகளுக்கு மஞ்சள் காமாலை. நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

"இவளயும் அம்மனுக்கு வுட்ரும்மா. தன்னால சரியாப்பூடும்."

"காமாலைக்கு ஆஸ்பத்திரி கீது. தாலி எதுக்கு?" என்றாள் அக்கா.

"அம்மன் கேக்குறா."

"அம்மன் என்னிக்கு வந்து கேட்டுது? நீதான் வந்து கேட்டுகினு கீற. உன் ஊட்ல கீற பொண்ணுக்குக் காச்சல் வந்தா டாக்டராண்ட இட்டுகினு ஓடுற. இதுவும் நீ பெத்ததுதான?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனீர்கள். மறுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அன்றைக்கே பிள்ளையை பஸ்ஸில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாலி இல்லாமலே பிழைத்தாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அக்கா மணி கோக்கப் போகவில்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மணியை அக்கா கோப்பாள், பந்தியிலும் முதலில் உட்காருவாள். பத்திரிகையில் தகப்பன் பெயர் மட்டும் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு ஆடிக்கும் கோயில் மைக்கைப் பிடித்து ஊருக்கு ஒழுக்கம் சொல்கிறீர்களே, இந்த ஆடியில் அதே மைக்கில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்: இவள் யார் மகள்?